ரசாயனம் தடவிய நோட்டு

காலையில் பேப்பரைப் பிரித்து மாவட்டச் செய்திகளைப் படிப்பவர்களுக்கு இந்த வரி மனப்பாடமாகியிருக்கும். லஞ்ச ஒழிப்பு போலீஸார் ரசாயனம் தடவிய ரூபாய் நோட்டுகளைக் கொடுத்து அனுப்பினார்கள். அதை வாங்கியபோது மறைந்திருந்தவர்கள் கையும் களவுமாகப் பிடித்தார்கள். ஊர் மாறும், பதவி மாறும், தொகை மாறும். பட்டா மாறுதல், வாரிசுச் சான்றிதழ், மின் இணைப்பு, வரைபட அனுமதி என்று காரணமும் மாறும். ரசாயனம் மட்டும் மாறாது. அதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதைக்கூட எந்தச் செய்தியும் சொல்லாது.

நான் அரசுக் கல்லூரியில் வேதியியல் நடத்துபவன். கல்யாண வீட்டுப் பந்தியில், பேருந்தில், டீக்கடையில் என்னிடம் அதிகம் கேட்கப்படுவது இந்த ரசாயனத்தைப் பற்றித்தான். கையில் பட்டால் ஒரு வாரத்துக்குப் போகாதாமே? இருட்டில் மின்னுமாமே? தோலை அரித்துவிடுமாமே? சினிமா பார்த்து வளர்ந்த கற்பனை இதெல்லாம். உண்மையில் அது பிளஸ் டூ ஆய்வகத்தில் அலமாரியின் முதல் தட்டில் இருக்கும் பினாப்தலீன்.

ஆமாம், அதேதான். பியூரெட்டில் ஒரு கரைசல், கூம்புக் குடுவையில் இன்னொரு கரைசல், அதில் இரண்டு சொட்டு நிறங்காட்டி. ஒரு சொட்டு கூடுதலாக விழுந்தால் குடுவை முழுக்க அடர் ரோஸ் ஆகிவிடும். திரும்ப முதலிலிருந்து செய்ய வேண்டும். வெளுப்பிலிருந்து வெளிர் இளஞ்சிவப்புக்கு மாறும் அந்த ஒரு சொட்டைப் பிடிப்பதுதான் செய்முறைத் தேர்வின் மதிப்பெண். தமிழ்நாட்டில் அறிவியல் பிரிவு படித்த எல்லோரும் ஒரு முறையாவது அந்த நிறத்தைப் பார்த்திருப்பார்கள். லஞ்சம் வாங்கிப் பிடிபடும் பொறியாளர்களும் பார்த்தவர்கள்தான்.

பினாலையும் தாலிக் நீரிலியையும் அடர் கந்தக அமிலத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் பினாப்தலீன் கிடைக்கும். பினால் என்பது பழைய ஆஸ்பத்திரிகளில் மணத்த கார்பாலிக் அமிலம். தாலிக் நீரிலியை அந்தக் காலத்தில் நாப்தலீனிலிருந்து, அதாவது பீரோவில் போடும் அந்துருண்டையிலிருந்து, எடுத்தார்கள். இரண்டுக்கும் மூலம் நிலக்கரித் தார். 1871-இல் ஜெர்மானியர் அடால்ஃப் ஃபான் பேயர் இதை முதலில் தயாரித்தார். பிறகு அவுரிச் சாயத்தை ஆய்வகத்தில் செய்துகாட்டியவரும், 1905-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றவரும் இவர்தான். செயற்கை அவுரி சந்தைக்கு வந்ததும் இந்திய அவுரித் தோட்டங்களின் கதை முடிந்தது. அது வேறு கதை, பெரிய கதை. ஆனால் அதே ஆளின் ஆய்வகத்தில் பிறந்த வெள்ளைப் பொடி இன்று நம் தாலுகா ஆபீஸ் வாசலில் காத்திருக்கிறது என்பதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும்.

அது எப்படி வேலை செய்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூலக்கூறின் நடுவில் ஒரு கார்பன், அதைப் பிடித்துக்கொண்டு மூன்று பென்சீன் வளையங்கள். அவற்றில் ஒரு வளையம் நடுக் கார்பனோடு சேர்ந்து லாக்டோன் எனப்படும் ஒரு கண்ணியை மூடி வைத்திருக்கிறது. கண்ணி மூடியிருக்கும்வரை மூன்று வளையங்களும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை. நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் எதையும் அது உறிஞ்சாது. அதனால் வெள்ளைப் பொடி, நோட்டில் தடவினால் தெரியாது. காரம், அதாவது அமிலத்துக்கு எதிர்க்குணம் உள்ள பொருள், பட்டதும் புரோட்டான்கள் கழன்று கண்ணி திறந்துகொள்கிறது. எலக்ட்ரான்கள் வளையத்துக்கு வளையம் பரவுகின்றன. இப்போது அது பச்சை ஒளியை, சுமார் 550 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி, விழுங்கத் தொடங்கும். வெள்ளை ஒளியில் பச்சை போனால் மிச்சம் ரோஸ். அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். அளவு (7 நடுநிலை, அதற்கு மேலே காரம்) 8.2-ஐத் தாண்டும்போது தொடங்கி 10 வரும்போது நன்றாக ஏறிவிடும்.

இதில் புதிதாக எதுவும் இல்லை என்று நம் வீட்டுப் பெண்கள் சொல்லலாம். மாப்பிள்ளையும் பெண்ணும் வாசலில் நிற்கும்போது தட்டில் மஞ்சள் தண்ணீர் கரைத்து, ஒரு சிட்டிகை சுண்ணாம்பைப் போட்டுச் சிவப்பாக்குகிறார்களே, ஆரத்தி, அதுவும் இந்த வேலைதான். மஞ்சளில் இருக்கும் குர்குமினும் காரத்தில் புரோட்டானை இழந்து நிறம் மாறும் பினால் வகைப் பொருள். வெள்ளைச் சட்டையில் சாம்பார் சிந்தி, சோப்புப் போட்டதும் கறை ரத்தச் சிவப்பாவதும் அதேதான். அப்படியானால் நோட்டில் மஞ்சள்தூளைத் தடவலாமே என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. மஞ்சள் முன்பே மஞ்சளாக இருக்கிறது, அதுதான் சிக்கல். வாங்குகிறவருக்குத் தெரியாமல் இருக்க வேண்டும் என்பதே பினாப்தலீனின் தகுதி. வியர்வையும் அதைக் காட்டிக்கொடுக்காது, ஏனென்றால் நம் தோல் இலேசான அமிலத்தன்மை உள்ளது.

இந்தத் தகுதியை முதலில் கண்டுகொண்டது போலீஸ் இல்லை, ஹங்கேரி அரசு. 20-ஆம் நூற்றாண்டு தொடங்கிய சமயத்தில், பிழிந்த திராட்சைச் சக்கையிலிருந்து செய்யும் மட்ட ரக ஒயினை நல்ல ஒயினில் கலந்து விற்பவர்களைப் பிடிக்க வேண்டியிருந்தது. மட்ட ஒயினில் பினாப்தலீன் கலந்துவிட வேண்டும். சந்தேகப்பட்ட பீப்பாயில் கொஞ்சம் காரத்தை விட்டால் நிறம் காட்டிக்கொடுத்துவிடும். நம் லஞ்ச ஒழிப்புப் பொறியின் தாத்தா இது. ஆனால் மனிதர் குடிப்பது ஆயிற்றே, தீங்கு உண்டா என்று பார்க்கச் சொன்னார்கள். புடாபெஸ்ட் மருந்தியலாளர் ஸோல்டான் வாமோஷி சோதித்துப் பார்த்ததில் வேறொன்று தெரிய வந்தது: அது நல்ல பேதி மருந்து. ஹங்கேரியில் பிறந்து நியூயார்க்கில் மருந்தாளராக இருந்த மாக்ஸ் கிஸ் இதைச் சாக்லேட்டில் கலந்து 1906-இல் எக்ஸ்-லாக்ஸ் என்று விற்கத் தொடங்கினார். முக்கால் நூற்றாண்டுக்கு மேல் அமெரிக்கக் குழந்தைகளும் பெரியவர்களும் அந்தச் சாக்லேட்டைத் தின்றார்கள். பிறகு எலிகளில் செய்த ஆய்வுகள் புற்றுநோய் அபாயத்தைக் காட்ட, 1999-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் கடையில் நேரடியாக வாங்கும் பேதி மருந்துகளிலிருந்து அதை நீக்கியது.

2023-இல் மத்தியப் பிரதேசம் கட்னியில் ஒரு பட்வாரி, நம் ஊர் வி.ஏ.ஓ. மாதிரி ஒரு பதவி, அங்கே லஞ்ச வழக்குகளைப் பார்க்கும் லோக்ஆயுக்தா போலீஸைக் கண்டதும் வாங்கிய நோட்டுகளை வாயில் போட்டு விழுங்கிவிட்டார். செய்தியைப் படித்தவர்கள் சிரித்தார்கள். நான் கூடுதலாக ஒரு முறை சிரித்தேன். ரசாயனம் தடவியிருந்தால் விழுங்கியது பேதி மருந்து! நோட்டில் ஒட்டும் அளவு மருந்தளவுக்குப் பக்கத்தில்கூட வராது என்பது வேறு விஷயம்.

எனக்கு இந்தப் பொடியோடு பாட நூலைத் தாண்டி ஒரு பழக்கம் ஏற்பட்டது, ஒரு வழக்கில் அரசு சாட்சியாகப் போனபோது. பொறி வைக்கும்போது புகார்தாரரையும் போலீஸையும் மட்டும் வைத்துக்கொண்டு போனால் நீதிமன்றத்தில் நிற்காது என்பதால், வேறு துறையிலிருந்து இரண்டு அரசு ஊழியர்களைக் கேட்டு வாங்குவார்கள். யாரைப் பிடிக்கப் போகிறார்கள் என்பது போகும்வரை தெரியாது. எங்கள் முதல்வர் கூப்பிட்டு, "காலையில வெள்ளன அந்த ஆபீஸுக்குப் போயிருங்க சார். என்ன ஏதுன்னு என்கிட்ட கேக்காதீங்க, எனக்கும் தெரியாது" என்றார். ஊர், அலுவலகம், ஆள் எதையும் இங்கே எழுதப் போவதில்லை. பிடிபட்டவரின் குடும்பம் அங்கேயே இருக்கிறது.

போனால், ஒரு பெரியவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். விவசாயி. பட்டா மாறுதலுக்கு மனு கொடுத்து அலைந்தவர். மடியில் மஞ்சள் பை, பைக்குள் ரப்பர் பேண்ட் போட்ட ஐந்நூறு ரூபாய் நோட்டுகள். அவருடைய சொந்தக் காசுதான். டி.எஸ்.பி. எங்களை அறிமுகப்படுத்திவிட்டு, அவர் கொடுத்த புகாரைப் படிக்கச் சொல்லிக் கையெழுத்து வாங்கினார். பிறகு ஒவ்வொரு நோட்டாக எடுத்து வரிசை எண்ணைச் சொல்லச் சொல்ல ஒரு ஏட்டு எழுதிக்கொண்டார். நான் சரிபார்த்தேன்.

அடுத்து ஒத்திகை. கண்ணாடி டம்ளரில் தண்ணீர், அதில் ஒரு சிட்டிகை சோடியம் கார்பனேட், நாம் சலவை சோடா என்று சொல்வது. கலக்கினால் தெளிந்த நீர், நிறம் இல்லை. காகிதத்தில் கொஞ்சம் வெள்ளைப் பொடியைக் கொட்டி நோட்டுகளில் பஞ்சால் இலேசாகத் தடவினார்கள். என்னோடு வந்த இன்னொரு சாட்சி, வேறொரு துறையின் இளநிலை உதவியாளர், நோட்டை எண்ணுவது மாதிரி தொட்டுவிட்டு விரல்களை டம்ளரில் விட்டார். ரோஸ். அவருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. எனக்கோ அந்த இடத்தில் பாடம் எடுக்க வாய் துறுதுறுத்தது. ஏன் சோடியம் ஹைட்ராக்சைடு இல்லாமல் இது? கை வெந்துவிடும் என்பது ஒன்று. காரம் அளவுக்கு மீறி வலுவாக இருந்தால் பினாப்தலீன் இன்னொரு வடிவத்துக்கு மாறி நிறத்தை இழந்துவிடும் என்பது இன்னொன்று. சலவை சோடா சரியான இடத்தில், பி.எச். 11-ஐ ஒட்டி, நிற்கும். கையைக் கட்டிக்கொண்டு பேசாமல் இருந்தேன். அங்கே யாரும் பினாப்தலீன் என்று சொல்லவில்லை. "பவுடர்" என்றுதான் சொன்னார்கள். நடந்ததை எழுதிச் சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கும் மகஜரில் மட்டும் முழுப்பெயர் வந்தது, இரண்டு இடத்தில் எழுத்துப் பிழையோடு.

ஒத்திகைக்குப் பயன்பட்ட தண்ணீரைக் கீழே கொட்டி, டம்ளரைக் கழுவி, தொட்டவர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். நுரை இளஞ்சிவப்பாக வந்தது. துணி சோப்பே காரம்தானே. தடயத்தைக் கழுவிவிடலாம் என்று அவசரமாகச் சோப்பை எடுக்கிறவருக்கு அந்தச் சோப்பே முதல் சாட்சியாகிவிடும்.

தடவிய நோட்டுகளைப் பெரியவரின் சட்டைப் பையில் வேறொருவர் வைத்தார். டி.எஸ்.பி. அவரிடம் இரண்டு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் கேட்டால் மட்டும்தான் கொடுக்க வேண்டும், நீங்களாக நீட்டக்கூடாது. நடுவில் யாரோடும் கை கொடுக்கவோ பையைத் தொடவோ கூடாது.

"ஏனுங்க ஐயா, இது கையில பட்டா ஒண்ணும் செய்யாதுங்களா?"

"ஒண்ணும் செய்யாது பெரியவரே. வேலை முடிஞ்சதும் கழுவிக்கலாம்."

"அந்தாளு கேக்கலைன்னா?"

டி.எஸ்.பி. ஒரு நிமிஷம் பேசவில்லை. "கேக்கலைன்னா கொடுக்காம திரும்பி வந்துருங்க" என்றார். இந்த ஒரு பதிலில்தான் மொத்தச் சட்டமும் இருக்கிறது என்பது எனக்குப் பிறகு புரிந்தது.

இளநிலை உதவியாளர் பெரியவரின் உறவினர் மாதிரி கூடவே உள்ளே போனார். நிழல் சாட்சி என்று சொல்வார்கள். நாங்கள் எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை ஓரமாக நின்றோம். பெரியவர் வெளியே வந்து துண்டை உதறித் தோளில் போட்டார். அதுதான் சைகை.

உள்ளே போனபோது அந்த மனிதர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்த நிலையில் நின்றார். டி.எஸ்.பி. தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார், எங்களையும். சத்தம் போடவில்லை, பாய்ந்து பிடிக்கவில்லை. இரண்டு புது டம்ளர், தண்ணீர், சோடா. கலக்கி, நிறம் இல்லை என்று எல்லோருக்கும் காட்டினார்கள். வலது கையை விடச் சொன்னார்கள். அவர் விரல்களை விட்டார். முதலில் ஒன்றும் இல்லை. அப்புறம் நகக்கண்ணிலிருந்து மெல்லிய ரோஸ் இழைகள் நூல் நூலாகக் கீழே இறங்கின. விரலை அசைத்ததும் டம்ளர் முழுக்க ஒரே நிறம். இடது கைக்குத் தனி டம்ளர். அதில் வெளிர் நிறம்தான் வந்தது. சட்டையைக் கழற்றச் சொல்லி, பையை வெளிப்பக்கம் திருப்பி மூன்றாவது டம்ளரில் முக்கினார்கள். அவருக்குப் போட்டுக்கொள்ள மாற்றுச் சட்டை கையோடு கொண்டுவந்திருந்தார்கள். அந்த முன்யோசனைதான் எனக்கு அன்று எல்லாவற்றையும் விட விசித்திரமாக இருந்தது.

"அவரா பாக்கெட்ல சொருகிட்டுப் போனாரு சார். நான் தள்ளித்தான் விட்டேன்" என்றார். பக்கத்து மேசைக்காரர்கள் கோப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டம்ளரிலிருந்த கரைசல்களைத் தனித்தனிப் பாட்டில்களில் ஊற்றி, அரக்கு வைத்து, எந்தக் கை எந்தப் பை என்று சீட்டு ஒட்டி, எங்களிடம் கையெழுத்து வாங்கினார்கள். நோட்டுகளின் எண்கள் காலையில் எழுதியதோடு ஒத்துப்போயின. மகஜர் எழுதி முடிக்க இருட்டிவிட்டது. படத்தில் இந்தப் பகுதியை ஏன் வைப்பதில்லை என்று தெரிந்தது. நம் சினிமாவில் லஞ்சம் வாங்குபவனுக்குக் கத்தி உண்டு, வசனம் உண்டு, கடத்தல் உண்டு. ஒரு டம்ளர் சோடா தண்ணீரையும், ஆறு மணி நேரம் கார்பன் பேப்பரில் எழுதும் ஏட்டையும் வைத்து யார் இடைவேளை விடுவார்கள்?

பாட்டில்கள் நீதிமன்றம் வழியாகத் தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போகும். சென்னை காமராஜர் சாலையில் இருக்கும் தடய அறிவியல் துறைக்கு நீண்ட பரம்பரை உண்டு. இந்தியாவின் முதல் வேதியியல் பரிசோதகர் ஆய்வகம் 1849-இல் சென்னை மாகாணத்தில்தான் தொடங்கியது. அன்றைய முக்கிய வேலை, விஷம் வைத்துக் கொன்றார்களா என்று குடலைச் சோதிப்பது. இன்று அந்த வரிசையில் ரோஸ் பாட்டில்களும் சேர்ந்திருக்கின்றன. அங்கே பார்ப்பது பினாப்தலீன் இருக்கிறதா, சோடியம் கார்பனேட் இருக்கிறதா என்பதைத்தான்.

வழக்கு விசாரணைக்கு வர வருடங்கள் ஆயின. எதிர்த்தரப்பு வக்கீல் என் வேலையைத் தெரிந்துகொண்டு வந்திருந்தார். நீங்கள் வேதியியல் ஆசிரியர்தானே, வேறு எந்தப் பொருளும் காரத்தில் இந்த மாதிரி நிறம் தராதா என்றார். தரும், பினால் ரெட் என்று ஒன்று இருக்கிறது, அதனால்தான் ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள் என்றேன். பாட்டிலைக் காட்டி, இப்போது என்ன நிறம் என்றார். கிட்டத்தட்டத் தண்ணீர்தான். அரங்கில் ஒரு சலசலப்பு. இதில் மர்மம் ஒன்றும் இல்லை. காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடு கரைய, கார்பனேட் மெல்லப் பைகார்பனேட்டாகி, பி.எச். 8-ஐ ஒட்டி இறங்கிவிடும். நிறம் போகும், பொருள் போகாது. ஒரு துளி காரத்தை விட்டால் திரும்ப வரும். இதைச் சொல்லவிட்டார்கள்.

கடைசிக் கேள்விதான் சரியான கேள்வி. "யாரோ சட்டைப் பையில் திணித்த நோட்டை ஒருவர் கையால் தள்ளிவிட்டாலும் விரல் இதே மாதிரி சிவக்கும்தானே?"

"சிவக்கும்."

"பொடி பட்ட கையோடு கை குலுக்கினாலும்?"

"கொஞ்சம் சிவக்கலாம்."

நீதிபதி தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு இரண்டையும் பதிவு செய்யச் சொன்னார். அரசு வக்கீலுக்கு முகம் சுருங்கியது. எனக்குச் சொல்ல வேறு பதில் இல்லை. பினாப்தலீன் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும்: இந்த விரல் அந்த நோட்டை, அல்லது அந்த நோட்டைத் தொட்ட எதையாவது, தொட்டதா? கேட்டு வாங்கினாரா, கடனைத் திருப்பி வாங்கினாரா, கட்டணம் என்று நினைத்து வாங்கினாரா, தள்ளிவிட்டாரா என்பதெல்லாம் அதன் பாடத்திட்டத்தில் இல்லை.

நம் நீதிமன்றங்கள் இந்த எல்லையை நன்றாகவே புரிந்துவைத்திருக்கின்றன என்பது படித்துப் பார்த்தபோது தெரிந்தது. 1974-இல் ஒரு டெல்லி வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், வாய்ச் சாட்சியை மட்டும் நம்பிக்கொண்டிருக்காமல் குற்றங்களைக் கண்டுபிடிக்க அறிவியலைப் பயன்படுத்த வேண்டும் என்று இந்தச் சோதனையை வைத்தே எழுதினார். அதை ஒட்டி வந்த ஒரு பஞ்சாப் வழக்கில், பொறி வைக்கும் நோட்டுகளில் இந்தப் பொடியைத் தடவுவது விரும்பத்தக்கது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சாட்சிகள் பொய் சொல்லலாம் என்ற பயம்தான் காரணம். ஆனால் அதே நீதிமன்றம் பிறகு பல தீர்ப்புகளில், கையில் பொடி இருந்தது, பையில் பணம் இருந்தது என்பதால் மட்டும் தண்டிக்க முடியாது, லஞ்சம் கேட்டார் என்பது நிரூபணமாக வேண்டும் என்று விடுதலையும் செய்திருக்கிறது. 2022 டிசம்பர் 15 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு இதை உறுதி செய்தது: கேட்டதும் வாங்கியதும் இரண்டும் நிரூபணமாக வேண்டும். புகார்தாரர் இறந்துபோனாலோ, முன்பு சொன்னதை மாற்றிச் சொல்லிப் பிறழ் சாட்சியாகிவிட்டாலோ, மற்றவர்களின் சாட்சியத்தையும் சூழ்நிலையையும் வைத்து அதை நிரூபிக்கலாம்.

புகார்தாரர் பிறழ்வது இங்கே சாதாரணம். பட்டா கைக்கு வந்துவிடும், வருடங்கள் ஓடிவிடும், ஊரில் நாலு பேர் பேசிச் சரிக்கட்டுவார்கள். எங்கள் வழக்கில் பெரியவர் பிறழவில்லை. கூண்டில் ஏறி, "கேட்டாருங்க, கொடுத்தேன்" என்று ஒரே வரியில் முடித்தார். அந்த வரியையும், உள்ளே நின்று அதைக் காதால் கேட்ட இளநிலை உதவியாளரின் சாட்சியையும் வைத்துத்தான் தீர்ப்பு எழுதப்பட்டது. என் ரோஸ் டம்ளருக்குத் தீர்ப்பில் ஒரு பத்தி கிடைத்தது.

கல்லூரியில் இதைச் சொன்னால் மாணவர்களுக்கு ஏமாற்றம். அறிவியல் சாட்சி என்றால் அடித்துச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறார்கள். துப்பறியும் தொடர்கள் அப்படிப் பழக்கிவிட்டன: இருட்டில் நீலமாக ஒளிரும் ரத்தம், கணினித் திரையில் சிவப்பாக மின்னும் முகம். ரத்தத்திலும் பினாப்தலீனுக்கு வேலை உண்டு என்பது பலருக்குத் தெரியாது. அதை ஒடுக்கி நிறமற்ற வேறு வடிவமாக்கி வைத்துக்கொண்டு, சந்தேகக் கறையைத் தொட்ட பஞ்சில் ஒரு சொட்டும், மேலே ஒரு சொட்டு ஹைட்ரஜன் பெராக்சைடும் விட்டால், ஹீமோகுளோபின் இருந்தால் நொடிகளில் ரோஸ் ஆகும். காஸ்டில் – மேயர் சோதனை என்று பெயர். 1900-களின் தொடக்கத்திலிருந்து இருக்கிறது. அதுவும் இது ரத்தமாக இருக்கலாம் என்றுதான் சொல்லும். சில காய்கறிச் சாறுகள்கூட அதை ஏமாற்றும். மனித ரத்தமா, ஆட்டு ரத்தமா என்பதற்கு வேறு சோதனை.

எனக்குப் பிடித்த வேலை கட்டடத்தில் அது செய்வது. புதுக் கான்கிரீட் நல்ல காரம், பி.எச். 12-க்கு மேல். அந்தக் காரம் இருக்கும்வரை உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிக்காது. வருடக்கணக்கில் காற்றின் கார்பன் டை ஆக்சைடு உள்ளே ஊறி ஊறிக் காரத்தைக் குறைத்துக்கொண்டே போகும். 9-க்குக் கீழே போனால் கம்பிக்குப் பாதுகாப்பு இல்லை. எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று பார்க்க, கான்கிரீட்டைக் கொஞ்சம் உடைத்து, ஆல்கஹாலில் கரைத்த பினாப்தலீனைத் தெளிப்பார்கள். உள்ளே ரோஸ், வெளி ஓரத்தில் சாம்பல் நிறம் அப்படியே. அந்தச் சாம்பல் பட்டையை அளவுகோலால் அளந்து குறித்துக்கொள்வார்கள். சிமெண்டைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டி ஊற்றிய கான்கிரீட்டில் அந்தப் பட்டை சீக்கிரமே கம்பியைத் தொட்டுவிடும். பில் பாஸ் செய்ய வாங்கிய கமிஷனைப் பொடி பிடிக்காவிட்டாலும், கமிஷன் போன வழியைச் சுவரில் அதே பொடி காட்டிவிடும்.

"கையுறை போட்டுக்கிட்டு வாங்கினா சார்?" என்று வகுப்பில் யாராவது கேட்பார்கள். கையுறையை முக்குவார்கள். "கையாலயே தொடாம, மேசை டிராயர்ல போடச் சொன்னா?" டிராயரின் உள்பக்கத்தைப் பஞ்சால் துடைத்து அந்தப் பஞ்சை முக்குவார்கள், கோப்புக்குள் வைக்கச் சொன்னால் கோப்பின் அட்டையை. "புரோக்கர் வாங்கினா?" புரோக்கரின் கையும் சேர்ந்து சிவக்கும், ஆனால் அவர் யாருக்காக வாங்கினார் என்பதைப் பேச்சுப் பதிவும் சாட்சியும்தான் சொல்ல வேண்டும்.

இப்போது வரும் கேள்வி, "ஜிபேல அனுப்பச் சொன்னா?" அதற்குப் பினாப்தலீன் வேண்டாம். வங்கிக் கணக்கு விவரத்தில் தேதி, நேரம், பெயர் எல்லாம் இருக்கும். மச்சான் எண்ணுக்கு, பக்கத்துக் கடைக்காரர் எண்ணுக்கு என்று அனுப்பச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். இன்னும் ரொக்கம்தான் அதிகம் என்பதால் செய்திகளில் ரசாயனம் வந்துகொண்டேதான் இருக்கிறது.

கொடுக்க நேர்கிறவர்களுக்கு ஒன்று. 2018 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் நேரடியாகக் குற்றம். வேறு வழியில்லாமல் கொடுக்க நேர்ந்தால் ஏழு நாட்களுக்குள் போலீஸிலோ விசாரணை அமைப்பிலோ சொல்லிவிட வேண்டும். முன்கூட்டியே தெரிவித்துவிட்டு, பிடித்துக்கொடுக்க உதவுவதற்காகக் கொடுத்தால் குற்றமே இல்லை. அந்தப் பெரியவர் கொடுத்தது இந்தக் கணக்கில் வரும். பணத்துக்கு என்ன ஆகும் என்று கேட்காதவர்கள் இல்லை. நோட்டுகள் வழக்குச் சொத்தாக நீதிமன்றத்தில் இருக்கும். 2016 நவம்பர் 8 இரவு பழைய ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவித்தபோது, நாடெங்கும் நீதிமன்றங்களில் இப்படி உறைக்குள் இருந்த நோட்டுகளுக்காகத் தனி விதியே போட வேண்டி வந்தது. 2017-இல் வந்த அந்த விதியின்படி, வரிசை எண்கள் பதிவாகியிருக்கும் நோட்டுகளைப் பிறகும் மாற்றிக்கொள்ள முடிந்தது. ஏட்டு காலையில் உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணாக எழுதியதற்கு அப்படியும் ஒரு பயன்.